சலவையில் துணி எவ்வளவு தாங்கும்: நூற்பு முறையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஒரே பஞ்சில் நூற்று, ஒரே கவுண்ட்டில் (நூலின் மெல்லிமையைக் குறிக்கும் எண்; எண் கூடினால் நூல் மெல்லியது), ஒரே எடையில் பின்னப்பட்ட இரண்டு சிங்கிள் ஜெர்சி துணிகளை, அதாவது டி-ஷர்ட்டில் வரும் ஒற்றைப் பின்னல் துணிகளை, அருகருகே விரித்தால், புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு சொல்வது கடினம். இருபது சலவை கழிந்த பிறகு ஒன்று வழவழப்புக் குறையாமல், பக்கத் தையல் நேராக நிற்கும்படி இருக்க, மற்றொன்று மேலெல்லாம் மயிர் கிளம்பி, சிறு உருண்டைகள் பூத்து, பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாகச் சுழன்று வந்திருக்கும். சாயத்தையும் சலவைத்தூளையும் குறை சொல்வதற்கு முன்னால், அந்த நூலுக்குள் இழைகள் எப்படிக் கட்டப்பட்டிருந்தன என்று கேட்க வேண்டும். துணி வாங்குபவர்களும், சில சமயம் துணி தயாரிப்பவர்களும்கூட, நூலின் புதுநிலை வலிமையை மட்டுமே பார்க்கிறார்கள். சலவை நூலை ஒரே இழுப்பில் அறுப்பதில்லை; இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறது. ஆகவே நூல் எவ்வளவு எடையில் அறும் என்பதைக் காட்டிலும், தன் இழைகளை அது எவ்வளவு உறுதியாகப் பிடித்துவைத்திருக்கிறது என்பதே துணியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பிடிப்பைப் பற்றியதுதான்.

முதல் படி: சலவை நூலை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நீரில் நனைந்த பருத்தி இழையின் விட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெருக்கிறது. நீளமோ மிகச் சிறிதளவே மாறுகிறது. முறுக்கப்பட்ட நூலுக்குள் இழைகள் இப்படிப் பருக்கும்போது அவை ஒன்றையொன்று நெருக்குவதால், நூல் தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. பருத்தி இழை ஈரத்தில் வலிமை குறையாமல் சற்றுக் கூடவே செய்கிறது என்பதும் இதோடு சேர்ந்துகொள்ள, பருத்தித் துணிகள் சலவைக்குப் பேர்போனவையாக இருக்கின்றன. விஸ்கோஸ் நிலைமை நேர் எதிரானது: ஈரத்தில் அது தன் வலிமையில் பாதி வரை இழந்துவிடும். பாலியெஸ்டர் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால் அதன் வலிமை மாறுவதில்லை; அந்த வலிமையே பிறகு வேறொரு தொல்லையாக வந்து நிற்பதைக் கீழே காண்போம்.

பருத்த நூல் துணிக்குள் அதிக இடம் கேட்கிறது. நெசவுத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் பருத்த ஊடை நூலைச் சுற்றிக் கடக்க நீண்ட வழி செல்ல வேண்டியிருப்பதால், துணி நீளத்தில் சுருங்குகிறது. நூற்கும்போதும் நெய்யும்போதும் இழுத்துவைக்கப்பட்ட இழுவிசை நீரில் தளர்வதும் சுருக்கத்துக்கு இன்னொரு காரணம். முதல் ஐந்து சலவைகளில் பெரும்பகுதிச் சுருக்கம் முடிந்துவிடுவதற்கும், அதன்பின் தேய்மானமே முக்கியப் பிரச்சினையாவதற்கும் இதுவே காரணம்.

தேய்மானத்தின் நிகழ்வரிசை முக்கியமானது. சலவை டிரம்முக்குள் துணி துணியோடு உரசும்போது, நூலின் மேற்பரப்பில் ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருக்கும் இழை நுனிகள் முதலில் பிடிபடுகின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கப்பட்டு மயிர்ப்படலமாகின்றன; பக்கத்து மயிர்களோடு சிக்கி உருண்டைகளாகின்றன; பிறகு உருண்டை உதிர்ந்துபோகிறது அல்லது ஒட்டிக்கொண்டே கிடக்கிறது. பருத்தியில் உருண்டையைத் தாங்கும் இழைகள் விரைவில் அறுந்து அது உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் கலந்த துணியிலோ, அந்த வலிமையான இழைகள் அறுவதே இல்லை என்பதால் உருண்டை ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். டம்பிள் டிரையரில், இழைகள் உலர்ந்து மெலிந்து நெருக்கம் தளரும் நேரத்தில் துணி மேலும் மேலும் புரட்டப்படுவதால், சலவையில் பாதி உருவப்பட்டிருந்த இழைகள் அங்கே முழுமையாகப் பிரிந்து சல்லடையில் பஞ்சாகச் சேர்கின்றன.

இந்த வரிசையின் முதல் கண்ணி, நூலின் மேற்பரப்பில் எத்தனை இழை நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பது. இரண்டாவது, இழுக்கும்போது அவை எவ்வளவு எளிதாக வழுக்குகின்றன என்பது. இரண்டையும் முடிவு செய்வது நூற்பு முறை.

இரண்டாம் படி: ஒவ்வொரு நூற்பு முறையும் இழைகளை எப்படிக் கட்டுகிறது என்று அறியுங்கள்

ரிங் ஸ்பின்னிங் எனப்படும் வளைய நூற்பு மிகப் பழையது. அமெரிக்காவில் ஜான் தார்ப் அதற்கு 1828-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் தரமான நூலுக்கு அதுவே அளவுகோலாக இருக்கிறது. இதில் ரோவிங் எனப்படும் தளர்ந்த திரி உருளைகளுக்கிடையே மெல்லியதாக இழுக்கப்பட்டு, சுழலும் கதிரின் (ஸ்பிண்டில்) முறுக்கால் நூலாகிறது. முறுக்கு ஏறும் இடத்தில் இழைக்கற்றை நாடாபோல் விரிந்திருக்கும்; அதன் ஓரத்து இழைகள் இழுவிசை மிகுந்தவை என்பதால் அவை நூலின் நடுவுக்குள் புகுந்துகொள்ள, நடுவில் இருந்தவை வெளியே தள்ளப்படுகின்றன. இப்படி ஒவ்வோர் இழையும் தன் நீளத்தில் ஓரிடத்தில் நூலின் மையத்திலும் ஓரிடத்தில் மேற்பரப்பிலும் மாறி மாறிச் செல்வதால், எந்த இழையையும் வெளியிலிருந்து எளிதாக உருவிவிட முடியாது. வளைய நூலின் வலிமைக்கும் மென்மைக்கும் அடிப்படை இந்த இடமாற்றம்தான்.

அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. இழைக்கற்றை விரிந்து நிற்கும் அந்தச் சிறு முக்கோணப் பகுதியில், ஓரத்து இழைகளின் நுனிகள் சில முறுக்குக்குள் அகப்படாமல் வெளியே தப்பிவிடுகின்றன. அவையே நூலின் மயிர். மில்களில் இதை ஹேரினெஸ் என்பார்கள். கதிரிலிருந்து கூம்புக்கு நூல் சுற்றப்படும்போது அந்த மயிர் இன்னும் கிளம்புகிறது. சாதாரண வளைய நூலில் செய்த துணி சில சலவைகளிலேயே மங்கலாகத் தெரிவதற்குச் சாயம் போனது மட்டும் காரணமன்று. கிளம்பிய மயிர்ப்படலம் ஒளியைச் சிதறடிப்பதும் காரணம். அடர்நிறத் துணிகளில் இது நன்றாகத் தெரியும்.

இந்தக் குறையை நேராகத் தாக்கியது காம்பாக்ட் முறை. 1990-களின் பிற்பகுதியில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த இந்த முறையில், முறுக்கு ஏறுவதற்குச் சற்று முன் இழைக்கற்றையைக் காற்று உறிஞ்சலால் ஒரே கோட்டில் ஒடுக்கிவிடுகிறார்கள். முக்கோணம் ஏறக்குறைய மறைந்துவிடுவதால் ஓரத்து நுனிகள் தப்ப வழியில்லை. குறிப்பாக 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும் மயிர்கள், அதாவது சலவையில் முதலில் சிக்கும் மயிர்கள், வெகுவாகக் குறைகின்றன. அதே முறுக்கில் நூலின் வலிமையும் கூடுகிறது. பின்னலாடையின் சலவை ஆயுளுக்காக நூலில் கூடுதலாக ஒரே ஒரு செலவைத்தான் செய்ய முடியும் என்றால், நான் அதை இங்கேதான் செய்வேன்.

ஓபன் எண்ட் அல்லது ரோட்டார் முறை முற்றிலும் வேறு தத்துவம் கொண்டது. 1967-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிடி 200 என்ற இயந்திரத்தோடு இது தொழிற்சாலைக்கு வந்தது. இதில் ஸ்லைவர் எனப்படும் தடித்த திரியைப் பற்களுள்ள உருளை தனித்தனி இழைகளாகப் பிரித்துவிடும். அவை காற்றோட்டத்தில் பறந்து, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலும் ரோட்டாரின் உள்விளிம்புப் பள்ளத்தில் படிந்து, அங்கிருந்து முறுக்கேறிய நூலாக வெளியே இழுக்கப்படும். ரோவிங் தேவையில்லை, கூம்பில் தனியாகச் சுற்றவும் தேவையில்லை என்பதால் செலவு குறைவு. ஆனால் இழைகள் முழு நீளத்துக்கு நிமிராமல், கொக்கிபோல் வளைந்தும் மடிந்தும் படிவதால், வளைய நூலில் கண்ட இடமாற்றம் இதில் குறைவு. வலிமை வளைய நூலைவிடப் பொதுவாக 10 முதல் 30 சதவீதம் குறைந்திருக்கும். உருவாகி வரும் நூலின்மேல் கடைசியாக வந்து விழும் இழைகள் அதைக் குறுக்காகச் சுற்றிக்கொண்டு கச்சை கட்டியதுபோல் நிற்கும்.

இந்தக் கச்சை இழைகளைப் பலர் குறையாக மட்டுமே பார்க்கிறார்கள். தொட்டால் சொரசொரப்பாக இருப்பதற்கு அவையும் ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் சலவையைப் பொறுத்தவரை அவற்றுக்கு ஒரு நன்மை உண்டு. நீண்ட மயிர்களை அவை அமுக்கிப் பிடிப்பதாலும், நூல் கனம் சீராக இருப்பதாலும், ரோட்டார் துணியில் உருண்டை பிடிப்பது அதே பஞ்சில் செய்த சாதாரண வளைய நூல் துணியைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கிழிசலிலும் இழுவிசையிலும்தான் அது முதலில் தோற்கும். ஆகவே ‘ஓபன் எண்ட் என்றால் மட்டம்’ என்று ஒரேயடியாகத் தள்ளுவது பிழை. தடித்த நூல் வேண்டிய இடங்களில், டெனிமிலும் கனத்த துணிகளிலும், அது நேர்மையாக உழைக்கிறது.

ஏர்ஜெட் வகையில் இன்று முக்கியமானது வோர்டெக்ஸ் முறை. அதன் முதல் இயந்திரம் 1997-இல் ஜப்பானில் காட்சிக்கு வந்தது. சுழல்காற்று இழைகளின் முன்நுனியை நடுவில் இணையாக நிறுத்தி, பின்நுனியை வெளியே விரித்து, அந்த விரிந்த நுனிகளை நடுக்கற்றையின் மேல் சுருளாகச் சுற்றிவிடுகிறது. வளைய நூல் நிமிடத்துக்கு இருபது முப்பது மீட்டர் உருவாகும் நேரத்தில் இது 400 மீட்டரையும் தாண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் மிகக் குறைவு. அதனால் உருண்டை பிடிப்பதும் பஞ்சு உதிர்வதும் மிகக் குறைவு. விஸ்கோஸ், பாலியெஸ்டர் கலவை போன்ற, உருண்டைக்குப் பேர்போன இழைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பேன். விலையாகக் கொடுப்பது மென்மை: நூல் சற்று விறைப்பாக இருக்கும். குட்டையான இழைகள் மலிந்த பஞ்சை இது ஏற்காது. சுற்றிக்கொள்ளப் போதிய நீளமில்லாத இழைகள் கழிவாகப் போய்விடும்.

எந்த முறையிலும் ஒரு நூலின் குறுக்குவெட்டில் எத்தனை இழைகள் இருக்கின்றன என்பது ஓர் எல்லையைப் போடுகிறது. 30-ஆம் கவுண்ட் நூல் ஏறத்தாழ 19.7 டெக்ஸ் (ஒரு கிலோமீட்டர் நூலின் எடை கிராமில்); மைக்ரோனேர் எனப்படும் இழைநுண்மை அளவு 4.2 ஆக உள்ள பஞ்சில் அதன் குறுக்குவெட்டில் சுமார் 120 இழைகள் இருக்கும். 60-ஆம் கவுண்ட்டில் அது பாதியாகி 60-க்கு வந்துவிடும். ரோட்டார் முறை நிலையாக ஓட ஏறக்குறைய நூறு இழைகளாவது வேண்டும். வளைய முறை அதில் பாதிக்கும் குறைவானவற்றோடும் நூற்றுவிடும். மெல்லிய நூல் என்றால் பெரும்பாலும் வளையமோ காம்பாக்ட்டோதான் என்பதற்கு இதுவே காரணம். கவுண்ட் ஏற ஏற, உதிரும் ஒவ்வோர் இழையும் நூலில் பெரிய பங்காகிறது என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஐந்து இழை போனால் 120-இல் அது நான்கு சதவீதம். 60-இல் எட்டு சதவீதத்துக்கும் மேல்.

மூன்றாம் படி: முறுக்கு, கோம்பிங், இரட்டிப்பு ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடுங்கள்

நூற்பு முறையின் பெயர் மட்டும் போதாது. மோசமாக முறுக்கிய காம்பாக்ட் நூலை நன்றாக முறுக்கிய சாதாரண வளைய நூல் சலவையில் வென்றுவிடும்.

முறுக்கைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: கவுண்ட்டின் வர்க்கமூலத்தை முறுக்குக் கெழுவால் பெருக்கினால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பது கிடைக்கும். 30-இன் வர்க்கமூலம் 5.48. பின்னலாடை நூலுக்கு 3.6 என்ற கெழுவை எடுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 19.7 முறுக்கு, பாவு நூலுக்கு 4.2 என்று எடுத்தால் 23. இந்த மூன்று முறுக்கு வேறுபாடு கைக்கு மென்மையாகவும் விறைப்பாகவும் தெரிகிறது. சலவையிலோ அது இழைப் பிடிப்பாகத் தெரிகிறது. முறுக்கு கூடக் கூட இழைகள் நெருக்கப்படுவதால் உருவுவது கடினமாகும். ஆனால் ஓர் உச்ச அளவைத் தாண்டினால் இழைகள் மிகவும் சாய்ந்துவிடுவதால் வலிமை குறையத் தொடங்கும். கூடவே அடைபட்ட முறுக்கு விசையும் பெருகும்.

அந்த அடைபட்ட விசைதான் தையலைச் சுழற்றுகிறது. ஒற்றை நூலில் ஏற்றிய முறுக்கு பிரிந்துவிடவே முயன்றுகொண்டிருக்கும். நீர் அதற்குத் தளர்வு தந்தவுடன், சிங்கிள் ஜெர்சியின் கண்ணிகள் ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. இதைத்தான் ஸ்பைராலிட்டி என்கிறோம். வளைய நூலில் இது அதிகம், ரோட்டாரிலும் வோர்டெக்ஸிலும் குறைவு. பின்னல் இயந்திரத்தில் எத்தனை நூல்கள் ஒரே சுற்றில் ஊட்டப்படுகின்றன என்பதும் சாய்வைக் கூட்டும். எனவே பழி முழுவதையும் நூலின்மேல் போட்டுவிடக் கூடாது.

இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால், இரண்டு விசைகளும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். அதனால் தையல் சுழல்வது நின்றுவிடுவதோடு, ஒரு நூலின் மயிரை மற்றொரு நூல் அணைத்துப் பிடிப்பதால் மேற்பரப்பும் சுத்தமாகிறது. மெலிந்த இடங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நூற்புத் தொழிலின் மிகப் பழைய தந்திரங்களில் ஒன்று இந்த இரட்டிப்பு. இன்றைக்கும் சலவை ஆயுளுக்கு இதற்கு இணை குறைவு. சைரோ நூல் எனப்படுவது இதன் குறுக்குவழி: இரண்டு ரோவிங்குகளைச் சற்று இடைவெளி விட்டு ஒரே கதிரில் சேர்த்து நூற்பது. மயிர் குறையும், ஆனால் இரு இழைக்கற்றைகளும் ஒரே திசையில் முறுக்கப்படுவதால் விசைச் சமநிலை கிடைக்காது. சைரோவை இரட்டை நூல் என்று சொல்லி விற்பது சரியன்று.

கோம்பிங் என்பது நூற்பதற்கு முன் பஞ்சைச் சீப்பிட்டுக் குட்டை இழைகளைக் களைவது. 12 முதல் 20 சதவீதம் வரை இப்படிக் கழியும். அரை அங்குலத்துக்கும் குறைவான, அதாவது 12.7 மில்லிமீட்டரை எட்டாத இழைகளைத் தொழிலில் குட்டை இழை என்பார்கள். நூலுக்குள் அவற்றின் பிடிமான நீளம் மிகச் சிறியது. சலவையில் முதலில் உதிர்பவை அவையே. கோம்பிங் செய்யாத, அதாவது கார்டட் துணியின் முதல் சில சலவைகளில் சல்லடை நிறையப் பஞ்சு சேர்வதற்கு அதுதான் காரணம்.

நான்காம் படி: கையிலுள்ள துணி எந்த நூலில் ஆனது என்று கண்டுபிடியுங்கள்

முத்திரைச் சீட்டில் இழையின் பெயர் இருக்கும். நூற்பு முறை பெரும்பாலும் இருக்காது. ஒரு கறுப்புத் தாளும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும், ஊசியும் இருந்தால் போதும்.

துணியின் ஓரத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் நூல் ஒன்றை உருவி, கறுப்புத் தாளின்மேல் வைத்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். மயிர் எவ்வளவு நீளம், எவ்வளவு அடர்த்தி என்பதை முதலில் கவனியுங்கள். அடுத்து, நூலின் இரு முனைகளையும் விரல்களில் பிடித்து, முறுக்குக்கு எதிர்த்திசையில் மெதுவாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். வளைய நூலும் காம்பாக்ட் நூலும் ஒரு கட்டத்தில் முழுமையாகத் திறந்து, இழைகள் இணையாகக் கிடக்கும். இலேசாக இழுத்தாலே இரண்டாகப் பிரிந்துவிடும். ரோட்டார் நூல் அப்படித் திறக்காது: உள்ளே முறுக்கு பிரிந்துவிட்டாலும் மேலே உள்ள கச்சை இழைகள் ஆங்காங்கே இறுகி, நூல் சிக்கல் சிக்கலாக நிற்கும். வோர்டெக்ஸ் நூலில் நடுக்கற்றை ஏறக்குறைய முறுக்கே இல்லாமல் நேராகக் கிடப்பதையும், அதன்மேல் இழைகள் சீரான சுருளாகச் சுற்றியிருப்பதையும் காணலாம். முறுக்கைப் பிரிக்கும்போது இரண்டு தனி நூல்களாகப் பிரிந்து, அந்த ஒவ்வொன்றிலும் முறுக்கு மிச்சமிருந்தால் அது உண்மையான இரட்டை நூல். இரண்டும் ஒருசேரத் திறந்துகொண்டால் சைரோ.

ஒன்றில் எச்சரிக்கையாக இருங்கள். புதிய துணியின் வழவழப்பு நூலின் இயல்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மேற்பரப்பு மயிரை நெருப்பில் கருக்கியிருக்கலாம். செல்லுலேஸ் என்சைமால் தின்னவைத்து பயோபாலிஷ் செய்திருக்கலாம். சிலிக்கான் மென்மையூட்டி பூசியிருக்கலாம். முதல் இரண்டும் நூலின் வெளியே இருந்த மயிரை அகற்றுகின்றன. உள்ளே தளர்ந்து கிடக்கும் இழைகளுக்கு அவை பிடிப்பைத் தருவதில்லை. சிலிக்கான் பூச்சோ ஒவ்வொரு சலவையிலும் படிப்படியாகக் கழுவப்பட்டுப் போகும். ஐந்து சலவை ஆகாத துணியைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: பயன்பாட்டுக்கு ஏற்ற நூலைத் தேர்ந்தெடுங்கள்

உடலோடு ஒட்டி அணிந்து அடிக்கடி துவைக்கும் பின்னலாடைக்குக் கோம்ப்டு காம்பாக்ட் நூலைக் கேளுங்கள். விஸ்கோஸோ பாலியெஸ்டர் கலவையோ என்றால் வோர்டெக்ஸ். உள்பக்கம் மயிர் எழுப்பிய கனத்த ஸ்வெட்ஷர்ட் துணியில் வெளிமுகத்துக்கு நல்ல நூலும் உள்ளே தடித்த ரோட்டார் நூலும் போடுவது நியாயமான சிக்கனம்.

படுக்கை விரிப்புகளும் சட்டைத் துணிகளும் நெசவுத் துணிகள்; பின்னலைப் போல் கண்ணிகள் தளர்ந்து நிற்காமல், பாவும் ஊடையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால் நூலின் குறைகளைத் துணியின் கட்டு ஓரளவு மறைத்துவிடும். அங்கே பாவில் போதிய முறுக்கு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஓர் அங்குலத்தில் நூல் எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டுவதற்காக மிக மெல்லிய நூல்களைத் தளர்ந்த முறுக்கில் அடுக்கிய விரிப்புகள் புதிதில் பட்டுப்போல் இருந்து விரைவில் நைந்துபோகும். மேலே பார்த்த இழை எண்ணிக்கைக் கணக்கு இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. வேலைக்கு அணியும் உடைகளுக்கு இரட்டை நூலே ஏற்றது.

துண்டுகள் தனி உலகம். நீரை உறிஞ்ச வேண்டுமானால் மேலெழும் வளையங்களின் நூல் தளர்ந்த முறுக்கில் இருக்க வேண்டும். சலவையைத் தாங்க வேண்டுமானால் இறுகியிருக்க வேண்டும். இந்த முரணின் ஒரு முனையில் நிற்பவை முறுக்கில்லாத் துண்டுகள். நீரில் கரையும் பிவிஏ நூலைப் பருத்தியோடு சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கி, நெய்த பிறகு அதைக் கரைத்துவிட்டால், முறுக்கே இல்லாத பருத்தி மட்டும் வளையமாக நிற்கும். அவற்றின் மென்மைக்கு ஈடில்லை. பஞ்சு உதிர்வதற்கும் ஈடில்லை. நீண்ட இழைப் பஞ்சில் செய்திருந்தால் மட்டுமே அவற்றை வாங்கலாம், ஏனெனில் முறுக்கு தராத பிடிப்பை இழையின் நீளமாவது தர வேண்டும். தினமும் துவைக்கும் துண்டுக்கு மிதமான முறுக்குள்ள வளைய நூல், அல்லது இரட்டை நூல் வளையங்கள்தான் என் தேர்வு.

ஆறாம் படி: சலவைச் சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள்

மொத்தமாகத் துணி வாங்குபவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. ஆய்வகங்கள் சலவைக்கு ஐஎஸ்ஓ 6330 என்ற தரமுறையைப் பின்பற்றுகின்றன; அது முன்புறம் திறக்கும் டிரம் இயந்திரத்தையும், மேலே திறக்கும் அஜிடேட்டர், பல்சேட்டர் இயந்திரங்களையும் தனித்தனியாக வகைப்படுத்துகிறது. ஒரே துணி வெவ்வேறு இயந்திரங்களில் வெவ்வேறாகத் தேயும் என்பதால், எந்த இயந்திரத்தில் சோதித்தார்கள் என்று சொல்லாத முடிவை ஏற்காதீர்கள்.

நீங்களே செய்வதானால், ஒவ்வொரு துணியிலும் 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டை வெட்டி, ஓரங்களை மடித்துத் தைத்து, நடுவில் 35 சென்டிமீட்டர் இடைவெளியில் அழியாத மையால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குறிகள் இடுங்கள். ஒப்பிடும் துணிகளை ஒரே சுமையில், ஒரே சலவைத்தூளில், ஒரே வெப்பநிலையில் ஒன்றாகவே துவையுங்கள். 1, 5, 10, 20 ஆகிய சலவைகளின் முடிவில் குறிகளின் இடைவெளி, சதுரம் சாய்ந்த அளவு, மேற்பரப்பின் உருண்டை நிலை, எடை ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். உருண்டை நிலையை 1 முதல் 5 வரை மதிப்பிடுவது வழக்கம்; 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் மிக மோசம். துவைக்காத துண்டு ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், ஏனெனில் நினைவை நம்பி ஒப்பிட முடியாது.

எடை பார்ப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. சுருங்கிய துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கான கிராம் எடை, ஏறும். இழை உதிர்ந்திருந்தாலும் அந்த ஏற்றம் அதை மறைத்துவிடும். எனவே ஜிஎஸ்எம்மை விட்டுவிட்டு முழுத் துண்டின் எடையைப் பாருங்கள். இரண்டாவது, பருத்தி காற்றின் ஈரத்தைத் தன் எடையில் ஏழெட்டு சதவீதம் வரை வாங்கி வைத்திருக்கும்; மழைநாளில் நிறுத்த எடையையும் வெயில்நாளில் நிறுத்த எடையையும் ஒப்பிட்டால், சலவையில் போன ஒன்றிரண்டு சதவீதம் கணக்கிலேயே வராது. ஆய்வகத்தில் 20 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதத்தில் துணியை நிலைப்படுத்திய பிறகே நிறுப்பார்கள். அந்த வசதி இல்லையென்றால், துவைக்காத துண்டையும் ஒவ்வொரு முறையும் கூடவே நிறுத்து, அதன் எடை மாறிய விகிதத்தைக் கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வலிமைச் சோதனைக்கு, பின்னலாடையில் வெடிப்பு வலிமையும் (துணியை உப்பவைத்துக் கிழிக்கத் தேவைப்படும் அழுத்தம்) நெசவுத் துணியில் 50 மில்லிமீட்டர் பட்டையின் இழுவலிமையும் அளக்கப்படுகின்றன. இங்கும் சுருக்கம் குறுக்கே வரும்: சுருங்கியதால் பட்டைக்குள் கூடுதல் நூல்கள் நெருங்கி, முதல் சலவைக்குப் பின் வலிமை கூடியதுபோல் காட்டலாம். ஆகையால் துவைக்காத துணியோடு ஒப்பிடாமல், ஐந்தாம் சலவையைத் தொடக்கமாக வைத்து இருபதாவதோடு ஒப்பிடுவதே சரியான முறை.

ஏழாம் படி: நூலின் இயல்பறிந்து துவையுங்கள்

தளர்ந்த முறுக்குள்ள துணிகளையும் ஜிப், கொக்கி, முரட்டு டெனிம் போன்றவற்றையும் ஒரே சுமையில் போடாதீர்கள். வளைய நூல் பின்னலாடைகளை உள்புறம் வெளியாகத் திருப்பித் துவைத்தால், மயிர் கிளம்புவது கண்ணுக்குப் படாத பக்கத்தில் நடக்கும். டிரம்மில் துணி விழுந்து புரள இடம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மிகக் குறைந்த சுமையில் ஒவ்வொரு துணியும் அதிக உயரத்திலிருந்து அதிக முறை விழுந்து அடிபடும். உலர்ந்த துணியால் டிரம்மைத் தளர்வாக முக்கால் பங்கு நிரப்புவது பருத்திக்குப் பொருத்தமான அளவு.

குளோரின் வெளுப்பானைப் பற்றி ஒரு சொல். அது செல்லுலோஸின் மூலக்கூறுச் சங்கிலியையே அறுக்கிறது. இழையே நொறுங்கும்போது, அதைப் பிடித்துவைத்திருக்கும் நூல் எந்த முறையில் நூற்கப்பட்டதாக இருந்தாலும் பயனில்லை. ரப்பர்போல் நீளும் எலாஸ்டேன் இழையை நடுவில் வைத்து மேலே பருத்தி சுற்றிய கோர் நூல் துணிகளுக்கு அது இன்னும் கேடு. எலாஸ்டேன் குளோரினாலும் மிகுந்த வெப்பத்தாலும் சிதைந்து, துணி தொய்ந்துவிடும்.

உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் துணியின் ஆயுளைத் தொலைக்கிறார்கள். கொடியில் உலர்த்த முடிந்தால் நிழலில் உலர்த்துங்கள். டம்பிள் டிரையர்தான் வழி என்றால், துணி முற்றிலும் காய்ந்து மொரமொரப்பாகும் வரை ஓடவிடாமல், தொட்டால் இலேசான ஈரம் தெரியும்போதே எடுத்துவிடுங்கள். மிச்ச ஈரம் காற்றில் போய்விடும். ஒவ்வொரு முறையும் சல்லடையில் சேரும் பஞ்சைத் தனித்தனி உறைகளில் தேதியிட்டு வைத்துப் பாருங்கள். நல்ல பிடிப்புள்ள நூலில் முதல் மூன்று நான்கு சலவைகளுக்குப் பின் அது சரிந்து குறைந்து நிலைத்துவிடும். பத்தாவது சலவையிலும் குறையாமல் அதே அளவு சேர்ந்தால், உருவப்படுவது மேலே கிடந்த தளர்ந்த மயிர் மட்டுமன்று, நூலின் உடம்பும்தான். அந்தத் துணியை அன்றிலிருந்து டிரையரில் போடுவதை நிறுத்திவிடுங்கள்.